சமான மின்சுற்று

சமான மின்சுற்று என்பது, சிக்கலான ஒரு மின்சுற்றின் இரு முனைகளுக்கு வெளியே தென்படும் நடத்தையை மாற்றாமல், அதனிடத்தில் வைத்துக் கணக்கிடத்தக்க எளிய மின்சுற்று ஆகும். பல மின்கலங்களும் மின்தடையங்களும் பின்னிக் கிடக்கும் ஒரு வலையமைப்பை, ஒரே ஒரு மின்னழுத்த மூலமும் ஒரே ஒரு மின்தடையும் கொண்ட சுற்றாகச் சுருக்கிவிடலாம் என்பதே இத்துறையின் முதன்மையான முடிவு. இது தெவெனின் தேற்றம் எனப்படுகிறது. மின்னழுத்த மூலத்துக்குப் பதிலாக மின்னோட்ட மூலத்தைப் பயன்படுத்தும் வடிவம் நார்ட்டன் தேற்றம் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் 'சமவலு' என்னும் சொல்லும், தமிழ்நாட்டுப் பழைய பாடநூல்களில் 'தொகுபயன்' என்னும் சொல்லும் இதே கருத்தில் வழங்கிவந்துள்ளன.

எந்த மின்சுற்றையும் கிர்க்காஃபின் விதிகளைக் கொண்டு நேரடியாகத் தீர்க்க இயலும். பத்துக் கணுக்கள் கொண்ட சுற்றுக்கு ஒன்பது ஒருங்கமை சமன்பாடுகளை எழுதித் தீர்த்தால் எல்லா மின்னழுத்தங்களும் கிடைத்துவிடும். ஆயினும் அச்சுற்றில் ஒரேயொரு சுமையை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் ஒன்பது சமன்பாடுகளையும் மீண்டும் தீர்க்க வேண்டும். சமான மின்சுற்றை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு சுமைக்கும் ஓமின் விதி ஒன்றே போதுமானது.

அடிப்படைக் கருத்து

மின்தடையங்களை மட்டும் இணைக்கும்போது பள்ளி மாணவர் அனைவரும் சமான மின்சுற்றைப் பயன்படுத்துகின்றனர். தொடர் இணைப்பில் மின்தடைகளைக் கூட்டுகிறோம். பக்க இணைப்பில் (சமாந்தர இணைப்பு என்றும் கூறுவர்) அவற்றின் தலைகீழ்களைக் கூட்டித் தலைகீழாக்குகிறோம். இரு முறைகளிலும் உள்ளே இருப்பதை மறந்துவிட்டு, வெளியே இருந்து பார்க்கும்போது தெரியும் ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறோம். தெவெனின் தேற்றம் இதே செயலை மூலங்களும் உள்ள சுற்றுகளுக்கு விரிவாக்குகிறது.

ஒரு மின்சுற்றை மூடிய பெட்டிக்குள் வைத்து, அதிலிருந்து இரு கம்பிகளை மட்டும் வெளியே விட்டிருப்பதாகக் கொள்வோம். உள்ளே இருப்பவை அனைத்தும் நேரியல் உறுப்புகள். அதாவது மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் மின்னோட்டமும் இருமடங்காகும் தன்மை உடையவை. இப்பெட்டியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் எடுத்தால் முனைகளில் எவ்வளவு மின்னழுத்தம் எஞ்சும் என்பதை வரைபடமாக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். வளைகோடு கிடைக்க வாய்ப்பில்லை, ஏனெனில் உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்பின் சமன்பாடும் முதற்படிச் சமன்பாடே. அவற்றைச் சேர்த்துத் தீர்த்தாலும் முதற்படிச் சமன்பாடே வரும்.

ஒரு நேர்கோட்டை முழுமையாகக் குறிப்பிட இரண்டு எண்கள் போதும். மின்னோட்டம் சுழியாக இருக்கும்போது, அதாவது முனைகளில் எதுவும் இணைக்கப்படாதபோது, கிடைக்கும் மின்னழுத்தம் முதல் எண். இது திறந்தசுற்று மின்னழுத்தம். முனைகளைத் தடையற்ற கம்பியால் இணைத்து மின்னழுத்தத்தைச் சுழியாக்கும்போது பாயும் மின்னோட்டம் இரண்டாவது எண். இது குறுக்குச்சுற்று மின்னோட்டம். பெட்டிக்குள் ஆயிரம் உறுப்புகள் இருந்தாலும் வெளியுலகுக்கு இவ்விரு எண்களுக்கு மேல் எதுவும் தெரியாது. தேற்றத்தின் உள்ளடக்கம் முழுவதும் இதுவே. பாடநூல்கள் பெரும்பாலும் செய்முறைப் படிகளை முதலில் தந்துவிடுவதால் இந்த நேர்கோடு மாணவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

திறந்தசுற்று மின்னழுத்தமே தெவெனின் மின்னழுத்தம். குறுக்குச்சுற்று மின்னோட்டமே நார்ட்டன் மின்னோட்டம். நேர்கோட்டின் சாய்வு சமான மின்தடையைத் தருகிறது:

சமான மின்தடை = திறந்தசுற்று மின்னழுத்தம் ÷ குறுக்குச்சுற்று மின்னோட்டம்

தெவெனின் சுற்றில் இம்மின்தடை மின்னழுத்த மூலத்துடன் தொடராகவும், நார்ட்டன் சுற்றில் மின்னோட்ட மூலத்துடன் பக்கமாகவும் இணைக்கப்படும். இரண்டிலும் மின்தடையின் மதிப்பு ஒன்றே. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறலாம். இம்மாற்றம் மூல மாற்றம் எனப்படுகிறது.

வரலாறு

சமான மூலம் என்னும் கருத்தை முதலில் வெளியிட்டவர் தெவெனின் அல்லர். செருமானிய அறிவியலாளர் எர்மன் ஃபொன் எல்ம்ஃகோல்ட்சு 1853 ஆம் ஆண்டிலேயே இதனை வெளியிட்டார். அப்போது அவர் கோனிக்சுபெர்க்கு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தார். தசைகளிலும் நரம்புகளிலும் தோன்றும் மின்சாரத்தை அளப்பதே அவருடைய சிக்கல். உயிருள்ள தசையின் உள்ளே மின்னியக்கு விசைகள் எங்கெங்கு எவ்வாறு பரவியுள்ளன என்பதை அறிய வழியில்லை. மேற்பரப்பின் இரு புள்ளிகளில் கம்பிகளைத் தொடவைத்து மட்டுமே அளக்க முடியும். உள்ளே என்ன இருப்பினும் வெளியில் இணைக்கும் கம்பியைப் பொறுத்தவரை அதனை ஒரு மின்னியக்கு விசையாகவும் ஒரு மின்தடையாகவும் கொள்ளலாம் என்று அவர் மேற்பொருந்தல் நெறியைக் கொண்டு காட்டினார். மின்பொறியியல் என்றொரு துறையே உருவாகாத காலத்தில், பிற்காலத்தில் அத்துறையின் அடித்தளமாக அமைந்த தேற்றம் தசை ஆய்விலிருந்து பிறந்தது.

லியோன் சார்லசு தெவெனின் (1857–1926) பிரான்சின் மோ நகரில் பிறந்தவர். பாரிசின் எக்கோல் பொலிதெக்னிக்கில் பயின்று, 1878 இல் தந்திப் பொறியியலாளராகப் பணியில் சேர்ந்தார். தந்தித் துறையின் உயர்நிலைப் பள்ளியில் பயிற்றுவிக்கும் பொறுப்பும் அவருக்கு அளிக்கப்பட்டது. கிர்க்காஃபின் விதிகளையும் ஓமின் விதியையும் மாணவருக்கு எளிதாக விளக்க முயன்றபோது அவர் இத்தேற்றத்தை வந்தடைந்து 1883 இல் வெளியிட்டார். எல்ம்ஃகோல்ட்சின் கட்டுரையை அவர் அறிந்திருக்கவில்லை. இதனால் சில நூல்களில் இது எல்ம்ஃகோல்ட்சு–தெவெனின் தேற்றம் எனக் குறிக்கப்படுகிறது.

மின்னோட்ட மூல வடிவம் 1926 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரு இடங்களில் தனித்தனியே தோன்றியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய எட்வர்ட் லாரி நார்ட்டன் (1898–1983) அலுவலக உட்குறிப்பு ஒன்றில், வேறொரு பொருளைப் பற்றி எழுதுகையில், இதனைச் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தார். செருமனியின் சீமென்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஃகான்சு ஃபெர்டினான்ட் மாயர் (1895–1980) அதே மாதத்தில் ஒரு தொழில்நுட்ப இதழில் முறையான கட்டுரையாகவே வெளியிட்டார். அச்சில் வெளியிட்டவர் மாயர். பெயர் நிலைத்ததோ நார்ட்டனுக்கு. ஐரோப்பிய நூல்கள் சிலவற்றில் மட்டும் மாயர்–நார்ட்டன் என்னும் பெயர் காணப்படுகிறது. மாயரின் வாழ்க்கையில் வேறொரு செய்தியும் உண்டு. நாட்சி அரசின் போர்க்கருவி ஆய்வுகளை விவரிக்கும் 'ஓசுலோ அறிக்கை'யை 1939 நவம்பரில் பிரித்தானியத் தூதரகத்துக்குப் பெயரின்றி அனுப்பியவர் அவரே. 1943 இல் அரசுக்கு எதிராகப் பேசியமை போன்ற வேறு குற்றச்சாட்டுகளின்பேரில் கைதாகி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டபோதும் அறிக்கையின் ஆசிரியர் அவர் என்பது வெளிப்படவில்லை. அவர் இறந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது.

கண்டுபிடிக்கும் முறை

முதலில், எந்த உறுப்பைச் சுமையாகக் கருதுகிறோமோ அதனைச் சுற்றிலிருந்து கழற்றிவிட வேண்டும். வெறுமையான அவ்விரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தைக் கணக்கிட்டால் அது தெவெனின் மின்னழுத்தம். பின்னர் சுற்றிலுள்ள எல்லா மூலங்களையும் செயலிழக்கச் செய்து, அம்முனைகளிலிருந்து உள்நோக்கிப் பார்க்கும்போது தெரியும் மின்தடையைக் காண வேண்டும்.

மூலத்தைச் செயலிழக்கச் செய்தல் என்பது பலரைக் குழப்பும் இடம். மின்னழுத்த மூலத்தின் மதிப்பைச் சுழியாக்கினால் அதன் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். ஆகவே அதனிடத்தில் ஒரு வெறும் கம்பியை வைக்க வேண்டும். மின்னோட்ட மூலத்தின் மதிப்பைச் சுழியாக்கினால் அதன் வழியே மின்னோட்டம் பாயாது. ஆகவே அதனிடத்தில் சுற்றைத் திறந்துவிட வேண்டும். இரண்டையும் 'எடுத்துவிடுதல்' என்று பொதுவாகச் சொல்லிப் பழகியவர் மின்னழுத்த மூலத்தின் இடத்தையும் திறந்துவிட்டுத் தவறான விடையைப் பெறுவர்.

எடுத்துக்காட்டாக, 12 வோல்ட் மூலம் ஒன்றுடன் 6 ஓம் மின்தடையமும் 3 ஓம் மின்தடையமும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. 3 ஓம் மின்தடையத்தின் இரு முனைகளிலிருந்து வெளியீடு எடுக்கப்படுகிறது. சுமை இல்லாதபோது பாயும் மின்னோட்டம் 12 ÷ 9 = 1.33 ஆம்பியர். ஆகவே வெளியீட்டு மின்னழுத்தம் 4 வோல்ட். மூலத்தின் இடத்தில் கம்பியை வைத்தால் 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பாகத் தெரியும். சமான மின்தடை 2 ஓம். சரிபார்க்க, வெளியீட்டு முனைகளைக் குறுக்கே இணைத்தால் 3 ஓம் மின்தடையம் பயனற்றுப்போய் 12 ÷ 6 = 2 ஆம்பியர் பாயும். 4 ÷ 2 = 2 ஓம் என்பதால் இரு வழிகளும் ஒத்துப்போகின்றன.

இப்போது 2 ஓம் சுமையை இணைத்தால் 4 ÷ (2 + 2) = 1 ஆம்பியர் பாயும் என உடனே சொல்லிவிடலாம். 6 ஓம் சுமை எனில் 0.5 ஆம்பியர். மூலச் சுற்றுக்குத் திரும்பிச் செல்லத் தேவையில்லை.

சமநிலையற்ற வீட்ஸ்டோன் பாலம்

மேற்கண்ட எடுத்துக்காட்டைத் தேற்றம் இல்லாமலும் எளிதில் தீர்க்கலாம். தேற்றத்தின் வலிமை வீட்ஸ்டோன் பாலத்தில் தெரியவரும். சாமுவேல் அண்டர் கிறிசுட்டி 1833 இல் விவரித்து, சார்லசு வீட்ஸ்டோன் 1843 இல் பரவலாக்கிய இப்பாலத்தில் ஐந்து மின்தடைகள் உள்ளன. சமநிலையில் நடுக்கிளையில் மின்னோட்டம் இல்லை என்பதால் கணக்கு எளிது. சமநிலை குலைந்தால், எந்த இரு மின்தடையங்களும் தொடராகவோ பக்கமாகவோ அமைந்திருக்காது. வழக்கமான சுருக்கல் முறை முதற்படியிலேயே நின்றுவிடும்.

மேல்முனை அ, கீழ்முனை ஆ. இவற்றிற்கிடையே 12 வோல்ட். இடப்பக்கத்தில் அ-விலிருந்து நடுமுனை இ-க்கு 4 ஓம், இ-யிலிருந்து ஆ-வுக்கு 12 ஓம். வலப்பக்கத்தில் அ-விலிருந்து நடுமுனை ஈ-க்கு 6 ஓம், ஈ-யிலிருந்து ஆ-வுக்கு 3 ஓம். இ-க்கும் ஈ-க்கும் இடையே 5 ஓம் மின்தடையுள்ள கால்வனோமானி.

கால்வனோமானியைக் கழற்றிவிட்டால் இரு பக்கங்களும் இரண்டு தனித்தனி மின்னழுத்தப் பகுப்பிகளாகின்றன. இ-யின் மின்னழுத்தம் 12 × 12 ÷ 16 = 9 வோல்ட். ஈ-யின் மின்னழுத்தம் 12 × 3 ÷ 9 = 4 வோல்ட். வேறுபாடு 5 வோல்ட். மூலத்தின் இடத்தில் கம்பியை வைக்கும்போது அ-வும் ஆ-வும் ஒரே புள்ளியாகிவிடுகின்றன. ஆகவே 4 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பில் 3 ஓம், 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் 2 ஓம், இரண்டும் தொடராக 5 ஓம். கால்வனோமானி வழியே 5 ÷ (5 + 5) = 0.5 ஆம்பியர் பாயும். கால்வனோமானிக்குப் பதிலாக 15 ஓம் கருவியை வைத்தால் 0.25 ஆம்பியர். கிர்க்காஃபின் விதிகளைக் கொண்டு இதே கணக்கைச் செய்துபார்ப்பவர், இம்முறை எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பதை உணர்வர்.

எடைமேடைகளிலும் அழுத்த உணரிகளிலும் திரிபுமானிகள் இவ்வாறே சமநிலை குலையும் பாலங்களாக இணைக்கப்படுகின்றன. அங்கு அளக்கப்படுவதே சமநிலைக் குலைவுதான்.

விண்மீன்–முக்கோண மாற்றம்

மேற்கண்ட பாலத்தில் மூலத்திலிருந்து மொத்தம் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கப்படுகிறது என்று கேட்டால், கால்வனோமானிக்காகக் கண்ட தெவெனின் சுற்று அதற்கு விடை தராது. அதற்கு உதவுவது ஆர்தர் எட்வின் கென்னலி 1899 இல் வெளியிட்ட மாற்றம். கென்னலி அன்றைய பம்பாயின் கொலாபாவில் 1861 இல் பிறந்தவர். பின்னர் அமெரிக்காவில் எடிசனிடம் பணியாற்றியவர். மூன்று முனைகளை முக்கோணமாக இணைக்கும் மூன்று மின்தடைகளை, நடுவில் ஒரு பொதுப்புள்ளியுடைய விண்மீன் வடிவ மூன்று மின்தடைகளாக மாற்றலாம் என்று அவர் காட்டினார். விண்மீனின் ஒவ்வொரு கையும், அம்முனையில் சந்திக்கும் இரு முக்கோணப் பக்கங்களின் பெருக்கத்தை மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும்.

பாலத்தின் மேல் முக்கோணத்தில் 4, 6, 5 ஓம்கள் உள்ளன, கூட்டுத்தொகை 15. ஆகவே அ-விலிருந்து செல்லும் கை 24 ÷ 15 = 1.6 ஓம், இ-க்குச் செல்லும் கை 20 ÷ 15 = 1.33 ஓம், ஈ-க்குச் செல்லும் கை 30 ÷ 15 = 2 ஓம். இப்போது இடக்கிளை 13.33 ஓம், வலக்கிளை 5 ஓம், இரண்டும் பக்க இணைப்பில் ஏறத்தாழ 3.64 ஓம். 1.6 ஓமையும் சேர்த்தால் மொத்தம் 5.24 ஓம். மூல மின்னோட்டம் ஏறத்தாழ 2.29 ஆம்பியர்.

மின்கலங்களும் உள்மின்தடையும்

எட்டு சிறிய உலர்மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். மகிழுந்தின் மின்கல அடுக்கும் 12 வோல்ட்தான். ஆனால் உலர்மின்கலங்களைக் கொண்டு மகிழுந்தின் தொடக்கியைச் சுழற்ற முடியாது. மின்னழுத்தமானியில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், அது திறந்தசுற்று மின்னழுத்தத்தை மட்டும் காட்டுவதே. சிறிய கலம் ஒன்றின் உள்மின்தடை 0.2 ஓம் எனக் கொண்டால் எட்டுக்கும் 1.6 ஓம், முனைகளை நேரடியாக இணைத்தாலும் 7.5 ஆம்பியருக்கு மேல் வராது. தொடக்கிக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் தேவை. மகிழுந்து மின்கல அடுக்கின் உள்மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருப்பதால் 150 ஆம்பியர் எடுக்கும்போதும் 1.5 வோல்ட் அளவே குறைகிறது. அதே காரணத்தால் அதன் முனைகளின் குறுக்கே ஒரு திருகுசாவி விழுந்தால் ஆயிரம் ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாய்ந்து உலோகம் பழுத்துச் சிவக்கக்கூடும்.

ஆகவே குறுக்குச்சுற்று மின்னோட்டத்தைத் தாளில் கணக்கிடலாமே தவிர, ஆய்வகத்தில் உண்மையான மூலத்தைக் குறுக்கே இணைத்து அளக்கக் கூடாது. இதற்கு மாற்றுவழி, தெரிந்த ஒரு சுமையை இணைத்து மின்னழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதாகும். திறந்த நிலையில் 1.5 வோல்ட் காட்டும் கலம், 3 ஓம் சுமையுடன் 1.35 வோல்ட் காட்டுவதாகக் கொள்வோம். மின்னோட்டம் 0.45 ஆம்பியர்; உள்ளே இழக்கப்பட்டது 0.15 வோல்ட், ஆகவே உள்மின்தடை 0.33 ஓம். நேர்கோட்டின் ஏதேனும் இரு புள்ளிகள் தெரிந்தால் போதும் என்பதால் இம்முறை சரியாகிறது.

அளக்கும் கருவியும் ஒரு சுமையே என்பதை மறந்துவிடுவதால் தவறான அளவீடுகள் ஏற்படுவதுண்டு. 12 வோல்ட்டை இரு 4,00,000 ஓம் மின்தடையங்கள் பாதியாகப் பகுக்கின்றன. நடுப்புள்ளியில் 6 வோல்ட் இருக்க வேண்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்று குறிக்கப்பட்ட முள்வகை மல்டிமீட்டரை 10 வோல்ட் வீச்சில் வைத்து அளந்தால் முள் 3 வோல்ட்டில் நிற்கும். சுற்றில் பழுது ஏதும் இல்லை. சுற்றின் சமான மின்தடை 2,00,000 ஓம், கருவியின் மின்தடையும் 2,00,000 ஓம். எனவே மின்னழுத்தம் பாதியாகிவிட்டது. 1 கோடி ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட எண்வகைக் கருவி ஏறத்தாழ 5.88 வோல்ட் காட்டும்.

பழுது மின்னோட்டமும் பாதுகாப்பும்

மின்வழங்கல் அமைப்புகளில் சமான மின்சுற்றுக் கணக்கு உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது. ஓரிடத்தில் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் அதைத் துண்டிக்கவல்ல உருகியையோ சுற்று முறிப்பானையோ தேர்ந்தெடுக்க முடியும். மின்னாக்கிகள், மின்மாற்றிகள், நெடுந்தொலைவுக் கம்பிகள் அடங்கிய முழு வலையமைப்பையும் அப்புள்ளியிலிருந்து பார்க்கும் தெவெனின் சுற்றாகச் சுருக்கியே இக்கணக்கு செய்யப்படுகிறது.

415 வோல்ட் வெளியீடும் 500 கிலோவோல்ட்-ஆம்பியர் கொள்ளளவும் உடைய மும்முனை மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 696 ஆம்பியர். அதன் மின்மறிப்பு 4 விழுக்காடு எனில், அதற்கு முன்னுள்ள வலையமைப்பை மிக வலிமையானதாகக் கொண்டால், வெளியீட்டு முனைகளில் நேரும் மும்முனைக் குறுக்குச்சுற்றில் 696 ÷ 0.04, அதாவது ஏறத்தாழ 17,400 ஆம்பியர் பாயும். வீடுகளில் பொருத்தப்படும் சிறு சுற்று முறிப்பான்கள் பலவற்றில் 6,000 அல்லது 10,000 ஆம்பியர் என்று துண்டிப்புத் திறன் அச்சிடப்பட்டிருக்கும். அத்தகைய ஒன்றை மின்மாற்றிக்கு அருகில் பொருத்தினால், பழுது நேரும்போது தொடுமுனைகளுக்கிடையே தோன்றும் மின்வில்லை அதனால் அணைக்க முடியாமல் போகலாம். முறிப்பானே வெடிக்கவும் கூடும். மின்மாற்றியிலிருந்து வீடு வரையுள்ள கம்பியின் மின்மறிப்பும் சேர்வதால் வீட்டு முகப்பில் பழுது மின்னோட்டம் பன்மடங்கு குறைந்துவிடுகிறது. சிறிய முறிப்பான்கள் அங்கு போதுமானவையாவது இதனாலேயே. இரு முறிப்பான்களிலும் '32 ஆம்பியர்' என்றே எழுதியிருந்தாலும் ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது.

பெருமத் திறன் மாற்றம்

சுமையின் மின்தடை, மூலத்தின் சமான மின்தடைக்குச் சமமாக இருக்கும்போது சுமைக்கு மிகுதியான திறன் சென்றடைகிறது. இதனை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோரிட்சு ஃபொன் யாக்கோபி கண்டறிந்தார். அந்நிலையில் தெவெனின் சுற்றின் பயனுறுதிறன் 50 விழுக்காடே. இதிலிருந்து மின் இயந்திரங்கள் எவையும் 50 விழுக்காட்டைத் தாண்ட இயலாது என்று அக்காலத்தில் பலர் தவறாக முடிவு செய்தனர். பெருமத் திறன் வேறு, பெருமப் பயனுறுதிறன் வேறு. எடிசன் 1879 அளவில் உள்மின்தடை மிகக் குறைந்த மின்னாக்கியை அமைத்து இக்கருத்தை நடைமுறையில் மறுத்தார். மின்னிலையங்கள் இன்றும் சுமையின் மின்தடையைவிட மிகக் குறைந்த உள்மின்தடையையே நாடுகின்றன. வானலை வாங்கி போன்றவற்றில் மட்டும், கிடைக்கும் சிற்றளவுத் திறனை முழுமையாகப் பெறுவதற்காகப் பொருத்தம் பார்க்கப்படுகிறது.

எண்வகை–ஒப்புவகை மாற்றியில் ஒரு பயன்பாடு

கணினியின் இரும எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் ஏணிச் சுற்று, தெவெனின் தேற்றத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஒரு குறிப்பிட்ட மதிப்புள்ள மின்தடையங்களும் அதன் இருமடங்கு மதிப்புள்ள மின்தடையங்களும் மட்டும் உள்ளன. அவற்றை ஒற்றைத் தடை, இரட்டைத் தடை என்போம். ஏணியின் கடைசிக் கணுவிலிருந்து ஓர் இரட்டைத் தடை தரைக்குச் செல்கிறது. ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் இரட்டைத் தடை வழியே ஓர் இருமம் இணைக்கப்படுகிறது. இருமம் 1 எனில் முழு மின்னழுத்தம், 0 எனில் தரை. அடுத்தடுத்த கணுக்களை ஒற்றைத் தடைகள் இணைக்கின்றன.

கடைசிக் கணுவில் இரு இரட்டைத் தடைகள் பக்கமாக உள்ளதால் சமான மின்தடை ஒற்றைத் தடை. மின்னழுத்தம் அந்த இருமத்தின் பாதி. அடுத்த கணுவுக்குச் செல்லும் ஒற்றைத் தடையைச் சேர்த்தால் மீண்டும் இரட்டைத் தடை. அங்கு அடுத்த இருமத்தின் இரட்டைத் தடையுடன் இணையும்போது மீண்டும் ஒற்றைத் தடை கிடைக்கிறது. மின்னழுத்தமோ புதிய இருமத்தின் பாதியும் பழைய இருமத்தின் காலும் சேர்ந்ததாகிறது. இவ்வாறு ஒவ்வொரு படியிலும் சுற்று தன் பழைய வடிவத்துக்கே திரும்ப, முந்தைய இருமங்களின் பங்கு பாதி பாதியாகக் குறைகிறது. நான்கு இருமங்களும் 5 வோல்ட்டும் எனில் 1011 என்னும் எண், அதாவது பதினொன்று, 5 × 11 ÷ 16 = 3.4375 வோல்ட்டைத் தரும். எல்லா மின்தடையங்களுக்கும் இரண்டே மதிப்புகள் போதும் என்பதால் ஒருங்கிணைந்த சுற்றுகளில் இதனைத் துல்லியமாக அமைப்பது எளிது.

மாறுதிசை மின்னோட்டமும் சார்பு மூலங்களும்

மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் உள்ள மாறுதிசைச் சுற்றுகளிலும் தேற்றம் பொருந்தும். மின்தடைக்குப் பதிலாகச் சிக்கலெண்ணாக எழுதப்படும் மின்மறிப்பைப் பயன்படுத்த வேண்டும். ஓர் அதிர்வெண்ணுக்குக் கண்ட சமான மின்மறிப்பு வேறோர் அதிர்வெண்ணுக்குப் பொருந்தாது என்பதே இங்குள்ள கட்டுப்பாடு.

திரிதடையங்களின் சிறுகுறிகைச் சுற்றுகளில் சார்பு மூலங்கள் இடம்பெறும். இவற்றின் மதிப்பு, சுற்றின் வேறோர் இடத்திலுள்ள மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்தது. சமான மின்தடையைக் காணும்போது சாரா மூலங்களை மட்டுமே செயலிழக்கச் செய்யலாம். சார்பு மூலங்களைத் தொடக் கூடாது. முனைகளில் 1 வோல்ட் சோதனை மூலத்தை இணைத்து, அது எவ்வளவு மின்னோட்டத்தைத் தருகிறது என்று கணக்கிட்டு, அதன் தலைகீழை எடுப்பதே நம்பத்தக்க வழி. சில வேளைகளில் விடை எதிர்க்குறியுடனும் வரலாம். அது கணக்குப் பிழையன்று. அலையியற்றிகளில் அத்தகைய எதிர் மின்தடை வேண்டுமென்றே உருவாக்கப்படுகிறது.

எல்லைகள்

பெட்டிக்கு உள்ளே இருப்பவை நேரியலாக இருக்க வேண்டும். வெளியே இணைக்கப்படும் சுமை அவ்வாறு இருக்கத் தேவையில்லை. இருமுனையம் ஒன்றைச் சுமையாக இணைத்தால், அதன் வளைகோட்டையும் தெவெனின் சுற்றின் நேர்கோட்டையும் ஒரே தாளில் வரைந்து, அவை வெட்டும் புள்ளியிலிருந்து மின்னோட்டத்தை அறியலாம். இந்நேர்கோடு சுமைக்கோடு எனப்படும். மூலச் சுற்றுக்குள்ளேயே இருமுனையம் இருப்பின், ஓர் இயக்கப்புள்ளியைச் சுற்றிய சிறு மாற்றங்களுக்கு மட்டுமே சமான சுற்றை எழுத முடியும்.

1973 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த ஸ்பைஸ் நிரலும் அதன் வழிவந்தவையும் ஆயிரக்கணக்கான கணுக்களின் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்துவிடுகின்றன. அவற்றுக்குத் தெவெனின் தேற்றம் தேவைப்படுவதில்லை. ஆனால் நிரல் தரும் எண் ஏன் அவ்வாறு வந்தது, எந்த உறுப்பை மாற்றினால் அது எத்திசையில் நகரும் என்பவற்றை அறிய விரும்புபவர் சமான சுற்றையே வரைந்து பார்க்கின்றனர்.

சமானம் என்பது முனைகளுக்கு வெளியே மட்டும் உண்மை. உள்ளே செலவாகும் திறனுக்கு அது பொருந்தாது. முதல் எடுத்துக்காட்டில் 2 ஓம் சுமை இணைக்கப்பட்டிருக்கும்போது மூலச் சுற்றில் 12 வோல்ட் மூலம் தரும் திறன் 20 வாட். சுமை பெறுவது 2 வாட். எஞ்சிய 18 வாட் உள்ளே வெப்பமாகிறது. தெவெனின் சுற்றிலோ உள்ளே வெப்பமாவது 2 வாட் மட்டுமே. அதை நம்பி மின்தடையங்களைத் தேர்ந்தெடுப்பவரின் சுற்று கருகிப்போகும். சுமையைக் கழற்றிவிட்டாலும் மூலச் சுற்று 16 வாட்டைச் செலவிட்டுக்கொண்டே இருக்கும். தெவெனின் சுற்று எதையும் செலவிடாது. ஒரே முனை நடத்தை கொண்ட தெவெனின் சுற்றையும் நார்ட்டன் சுற்றையும் இரு மூடிய பெட்டிகளில் வைத்துக் கொடுத்தால், முனைகளில் எவ்வளவு அளந்தாலும் அவற்றை வேறுபடுத்த முடியாது. சற்று நேரம் எதையும் இணைக்காமல் வைத்திருந்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால், நார்ட்டன் சுற்று இருக்கும் பெட்டி சூடாக இருக்கும்.